இருபத்திரண்டும் சுகம்

அன்பும் மரியாதையும் உள்ள தம்பிக்கு,

உங்கள் அண்ணி எழுதுவது. இங்கே நான் சுகம், தொட்டி சுகம், தொட்டியில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். உங்களிடம் வருகிறவர்களின் பல்லும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதப் போனேன், அப்புறம் எல்லார் பல்லும் சுகமாக இருந்துவிட்டால் பல் டாக்டர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்று தோன்றியது. அதனால் பல்லை மட்டும் விட்டுவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

போனில் சொன்னால் முடிகிற விஷயத்துக்கு அண்ணி எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "அண்ணி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே உங்கள் அண்ணன் குரல். எனக்கு அழுகை வந்துவிடும். நான் உம் உம் என்பேன். நீங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தொட்டியை ஏற்றிப்போக வண்டியோடு வந்து நிற்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. அழுதுகொண்டே எழுதினாலும் படிக்கிறவருக்குக் கேட்காது.

அவர் போன அடுத்த வாரம் நீங்கள் தொட்டி முன்னால் நின்று சொன்னது எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "அண்ணி, இது உங்களால ஆகாது. தண்ணி மாத்தணும், ஃபில்டர் பாக்கணும், தினம் தீனி போடணும், நீங்க இருக்கிற நிலைமையில இதெல்லாம் எதுக்கு? மூணு மாசம் பாப்போம். அண்ணன் விட்டுட்டுப் போனது இருபத்திரண்டு. அதுல ஒண்ணு குறைஞ்சாலும் தொட்டிய என் கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போயிடறேன். அங்க எல்லாரும் கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு பயந்து போய் உக்காந்திருக்காங்க, அவங்களாவது மீனப் பாத்துட்டு இருப்பாங்க. சரியா?" என்றீர்கள். நானும் சரி என்றேன். அந்த வாரம் யார் என்ன கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கூரையைக் கழற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. நீங்கள் எண்ணிப் பார்க்க வருவதாகத் தங்கச்சி சொன்னாள். அதற்குத்தான் இந்தக் கடிதம். வர வேண்டாம் தம்பி. இருபத்திரண்டும் இருக்கிறது. நான் தினமும் எண்ணுகிறேன்.

நான் எண்ணினேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். எனக்கு எண்ண வராது என்பது ஊரறிந்த விஷயம். ஊருக்கு அதை அறிவித்தவர் உங்கள் அண்ணன். முப்பத்தொரு வருஷம் கிடங்கில் சரக்கு எண்ணிய மனிதர். சோப்புப் பெட்டி, ஆணிப் பெட்டி, பெயின்ட் டப்பா, எது வந்து இறங்கினாலும் ஒரு தடவை கண்ணை ஓட்டுவார், ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமாக இருக்கிற அந்தப் பென்சிலால் எழுதுவார், எழுதினால் எழுதியதுதான். மறுபடி எண்ணுங்கள் என்று அவரிடம் யாரும் சொன்னது கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கு நான் வந்து வாய்த்தேன். எலுமிச்சம்பழம் பத்து எண்ணி எடு என்றால் ஒன்பது எடுப்பேன். எங்கள் மாடிப்படி எத்தனை என்று இருபது வருஷம் ஏறி இறங்கியும் எனக்குத் தெரியாது. "கடவுள் உனக்குக் கண்ணக் குடுத்தாரு, எண்ணிக்கையக் குடுக்க மறந்துட்டாரு" என்பார். "அதுக்குத்தான் உங்களக் குடுத்திருக்காரே" என்பேன். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

மீன் வந்த கதை உங்களுக்கும் தெரியும், எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு மாதத்தில் வீட்டு ஜன்னல் கம்பி, தரை ஓடு எல்லாம் எண்ணித் தீர்ந்துபோய், கை நமைச்சல் தாங்காமல் தொட்டி வாங்கி வந்தார். பாதி விரல் நீளம்கூட இல்லாத மீன், முதுகோரம் நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு. கூட்டமாகவே இருக்கும், ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். வண்ணமீன் கடைக்காரர் வலை போட்டு அள்ளி, பதினொன்று என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தார். இவர் தொட்டியில் விட்டுவிட்டு, தொட்டியின் மூலையோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எண்ணினார். இருபத்திரண்டு! மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்று, "பதினொண்ணுன்னு சொல்லி இருபத்திரண்டு குடுத்திருக்கீங்களே, இப்படி எண்ணினா நீங்க எப்படிக் கடை நடத்துவீங்க?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்துவிட்டு, "தப்பு என்னோடதுதான் சார், எல்லாத்தையும் நீங்களே வச்சுக்குங்க" என்றாராம். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதைதான். சாயங்காலம் ஆனால் தொட்டி விளக்கைப் போட்டு, அந்த மூலையில் ஒரு சிட்டிகை தீனி போடுவார். கூட்டம் மொத்தமும் அங்கே வந்து நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவார். நோட்டில் எழுதுவார்: 22. சரி. மூன்று வருஷ நோட்டு என்னிடம் இருக்கிறது தம்பி. பக்கம் பக்கமாக 22. சரி. 22. சரி.

ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் சாயங்காலம் ஆனால், மூக்கில் குழாயோடு கண்ணைத் திறந்து, "எண்ணினியா?" என்பார். "எண்ணிட்டேன், இருபத்திரண்டு" என்பேன். "சரி" என்று கண்ணை மூடிக்கொள்வார். நான் எங்கே எண்ணினேன்? வீட்டுக்கே போகவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்து, தீனி மட்டும் போடச் சொல்லியிருந்தேன். ஒன்பது நாளும் அவரிடம் நான் சொன்னது பொய். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் இருபத்திரண்டு. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் இருபத்திரண்டு என்றபோது நான் சரி என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று மாதமும் ஒரு சிரமமும் இல்லாமல் ஓடியது என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லி ஒரு தடவை பட்டது போதும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், என்னால் ஆகாதா என்று.

முதல் நாள் காலையில் விளக்கைப் போட்டேன், மீன் எல்லாம் வெளிறிப் போய் நிற்கிறது. நீலம் இல்லை, சிவப்பு இல்லை, சலவைக்குப் போட்ட துணி மாதிரி. போச்சு, ஒரே ராத்திரியில் அத்தனைக்கும் சீக்கு என்று செருப்பைக்கூட மாட்டாமல் கடைக்கு ஓடினேன். கடைக்காரர், "அம்மா, ராத்திரி தூங்கினா அதுங்களுக்கு நிறம் போயிடும், வெளிச்சம் வந்தா கொஞ்ச நேரத்துல வந்துடும். தூங்கி எழுந்த உடனே கண்ணாடி பாத்தா நாம மட்டும் எப்படி இருக்கோம்?" என்றார். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால், ஒன்றும் நடக்காதது போல் நீலமும் சிவப்புமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் காலில்தான் முள்.

அடுத்தது தீனி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் "ஒரு சிட்டிகை, ஒரு வேளை" என்று எழுதியிருந்தார். அவர் எதிலும் கணக்குப் பார்க்கிறவர், வாயில்லா ஜீவனிடமுமா என்று நினைத்தேன். நான் தொட்டிப் பக்கம் போனாலே அத்தனையும் கண்ணாடியில் முட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து பட்டினி மாதிரி என்னைப் பார்க்கும். யாருக்குத்தான் மனசு வரும்? காலையில் போட்டேன், மத்தியானம் நான் சாப்பிடும்போது போட்டேன், சாயங்காலமும் போட்டேன். நாலாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி கடைக்கு. "அம்மா, அதோட வயிறு அதோட கண்ணு அளவுதான். ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். ஒண்ணும் ஆகாது என்றால் அதுகளுக்கு ஆகாது, எனக்கு ஆயிற்று. அதுகள் பார்த்துக்கொண்டு நிற்க நான் எப்படிச் சாப்பிடுவது? இரண்டு நாளும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டேன். அதுவரை நான் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று தங்கச்சி திட்டிக்கொண்டிருந்தாளே, அவளிடம் சொல்லுங்கள், ஒளிந்து சாப்பிடும்போது நன்றாகவே இறங்கியது.

பிறகு ஃபில்டர். உள்ளே ஒரு பஞ்சு இருக்கிறது தம்பி, வெளியே எடுத்தேன், தார் மாதிரி கருப்பு. என் வீட்டில், நான் பாத்திரம் துலக்கும் வீட்டில், இப்படி ஒரு பஞ்சா என்று வெட்கமாகப் போயிற்று. சோப்பை எடுத்துக் குழைத்துவிட்டேன். பஞ்சை அதில் முக்கப் போகும்போது, எதற்கும் நோட்டைப் பார்த்துவிடுவோம் என்று ஈரக் கையோடு புரட்டினேன். சிவப்பு முனையால் பெரிதாக எழுதியிருக்கிறார்: "பஞ்சுக்குச் சோப்பு போடக் கூடாது. தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். நல்ல கிருமி செத்தால் மீனும் சாகும். உனக்குத்தான் சொல்கிறேன்." பாருங்கள் தம்பி. இந்த நோட்டை அவர் தனக்காக எழுதவில்லை. நான் சோப்போடு வந்து நிற்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. குழைத்த சோப்பை வீணாக்காமல் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் துலக்கினேன், கழுவிய பாத்திரத்தையும் சேர்த்துத்தான். அழுது முடிக்க அவ்வளவு பாத்திரம் தேவைப்பட்டது.

தண்ணீர் மாற்றிய கதை உங்களுக்குத் தெரியாது. தெரியாதபடிதான் பார்த்துக்கொண்டேன். வாரம் ஒரு தடவை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குழாய் போட்டு எடுத்துவிட்டு, ஒரு நாள் முன்னால் வாளியில் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் தண்ணீர் இறங்கி வரும். உறிஞ்சினேன், வந்தது, நேராக வயிற்றுக்குள். துப்பிவிட்டு முனையை வாளிக்குள் போடும் நேரம் பார்த்துப் போன் அடித்தது. நீங்கள்தான். "அண்ணி, எல்லாம் சரியா இருக்கா?" என்றீர்கள். "எல்லாம் சரியா இருக்கு தம்பி" என்றேன். சொல்லும்போது குழாய் முனை வாளிக்கு வெளியே கிடக்கிறது, நான் கணுக்கால் வரை தண்ணீரில் நிற்கிறேன். நீங்கள் குழந்தைகளின் பரீட்சையைப் பற்றிச் சொன்னதெல்லாம் என் காதில் ஏறவேயில்லை. போனை வைப்பதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்துவிட்டாள். அதுவரை எங்களுக்குள் சாவி கொடுக்கிற பழக்கம்தான், பேச்சுப் பழக்கம் அவ்வளவாக இல்லை.

"என்னக்கா, மேல குளம் வெட்டுறீங்களா? என் மிஷின் மேல மழை பெய்யுது!"

"கோவிச்சுக்காதம்மா, தம்பி போன் பண்ணிட்டாரு..."

"தம்பி போன் பண்ணா தண்ணியத் தொறந்து விடுவீங்களா? தங்கச்சியும் பண்ணியிருந்தா எங்க வீடே மிதந்திருக்கும்!"

அவள் தைத்து வைத்திருந்த நாற்பது பள்ளிக்கூடச் சட்டையும் நனைந்துவிட்டது. அத்தனையையும் மேலே கொண்டுவரச் சொல்லி, நானே காயவைத்துத் தேய்த்துக் கொடுத்தேன். நாற்பது என்று அவள் சொன்னாள், நான் எண்ணியபோது முப்பத்தொன்பதுதான் வந்தது, ஆனால் வாதாடுகிற நிலைமையில் நான் இல்லை. நான் தேய்க்கத் தேய்க்க அவள் தரையில் உட்கார்ந்து தொட்டியையே பார்த்தாள். சண்டை போட வந்தவள் போகும்போது, "தைச்சுத் தைச்சு நாலு மணிக்கு எனக்குக் கண்ணு வலிக்கும் அக்கா, கொஞ்ச நேரம் வந்து இதப் பாத்துட்டுப் போகட்டுமா?" என்றாள். அன்றிலிருந்து தினம் நாலு மணிக்கு வருகிறாள். அவளுக்கும் ஆள் இல்லாத வீடுதான். எண்ணுவதெல்லாம் கிடையாது. "எனக்கு அளவுதான் தெரியும், எண்ணிக்கை உங்க வேலை" என்பாள்.

அவள் இல்லாவிட்டால் கரண்ட் போன அன்று நான் தோற்றிருப்பேன். காலை ஒன்பது மணிக்குப் போனது. பம்ப் நின்றது, குமிழி நின்றது, ஒரு மணி நேரத்தில் மீன் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், "தண்ணிய மொண்டு மொண்டு உயரத்துல இருந்து ஊத்துங்கம்மா, காத்து கலக்கும்" என்றார். ஒரு செம்பை எடுத்தேன், பால் ஆற்றுவது மாதிரி மொண்டு ஊற்றினேன். ஐந்து மணி நேரம்! நடுவில் தையல்காரம்மா வந்து கை மாற்றிவிட்டாள், அரை மணி அவள், அரை மணி நான். உங்கள் கிளினிக்கில் இருக்கும் இத்தனை பேரில் யாராவது ஐந்து மணி நேரம் செம்பைப் பிடிப்பார்களா, சொல்லுங்கள். மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கை தூக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, குமிழி வருவதைப் பார்த்துக் கை தட்டினோம். தட்டக் கை வராமல் தொடையில் தட்டினோம்.

இனிமேல் எழுதப் போவதைப் படித்துப் பயப்பட வேண்டாம், முடிவு நல்லபடிதான். போன மாதம் ஒரு நாள் எண்ணினேன், இருபது. மறுபடி எண்ணினேன், இருபது. இரண்டு பேரைக் காணோம். தொட்டியிலிருந்து துள்ளிக் குதித்திருக்குமோ என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துத் தேடினேன். தொட்டி மேசைக்கு அடியில், சுவரோரம், ஒன்று காய்ந்து சுருண்டு கிடந்தது. நீலமும் சிவப்பும் நன்றாகத் தெரிந்தது. கையில் ஏந்திக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் தையல்காரம்மா ஊசியைக்கூட வைக்காமல் ஓடி வந்தாள். இரண்டு பேரும் அழுதோம். அவரிடம் என்ன பதில் சொல்வேன், தம்பியிடம் என்ன பதில் சொல்வேன் என்று நான் அழ, அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் உள்ளங்கையைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு வாலும் இல்ல, தலையும் இல்ல. பென்சில் சீவினது."

பார்த்தால் அவருடைய சிவப்பு நீலப் பென்சில் சீவல்தான். எப்போது சீவினாரோ, பெருக்கும்போது என் துடைப்பத்துக்குத் தப்பி அங்கேயே கிடந்திருக்கிறது. நான் பெருக்கும் லட்சணத்தை இதற்கு மேல் நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். சீவலை நோட்டுக்குள் வைத்துவிட்டேன். அதற்குள் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து ஒரு மீன் சாவகாசமாக வெளியே வந்து கூட்டத்தோடு சேர்ந்தது. உட்கார்ந்து எண்ணினேன், இருபத்திரண்டு. ஒன்று வந்ததைத்தான் பார்த்தேன், இன்னொன்று எப்போது வந்தது என்று தெரியவில்லை, என் கண்ணுக்கு அவ்வளவுதான் வேகம். பழைய நோட்டைப் புரட்டினால் அவருக்கும் இப்படி ஆகியிருக்கிறது: "20. இரண்டு பேர் ஒளிவு. பிறகு வந்தார்கள். 22. சரி." காணாமல் போனால் ஜோடியாகவே காணாமல் போகிறது, திரும்பினால் ஜோடியாகவே திரும்புகிறது. கணவனும் மனைவியுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, உங்களிடம் சொல்வதற்கென்ன.

ஆகையால் தம்பி, தொட்டியைக் கேட்காதீர்கள். நான் இதை உங்கள் மேல் கோபத்தில் எழுதவில்லை, என் பாரம் குறையட்டும் என்றுதான் நீங்கள் கேட்டீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அலமாரிக் கதவைச் சாத்தினாலே கலைந்து ஓடுகிற மீன் இது. நீங்கள் மெஷினைப் போட்டு ஒருவர் பல்லில் வைத்ததும் அவர் போடும் சத்தத்தில் இருபத்திரண்டும் மாரடைத்துப் போகும். அப்புறம் மீனைப் பார்க்க வந்தவர்களுக்கு நீங்கள் என்ன ஆறுதல் சொல்வீர்கள்? கடைக்காரர் சொன்னார், இந்த மீன் கூட்டமாக இருந்தால்தான் சாப்பிடுமாம். தனியாக விட்டால் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டு நிறம் வெளுத்துவிடுமாம். எனக்கு விளங்கிவிட்டது. மேலே விளக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் நான் எழுந்து விளக்கைப் போட்டால் நிறம் வருவதற்கு இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறார்கள், அதனால் எழுந்துகொள்கிறேன். எண்ணத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தவள் தொண்ணூறு நாள் தப்பில்லாமல் எண்ணியிருக்கிறேன். உங்கள் அண்ணன் மூன்று வருஷம் எண்ணிய எண்ணிக்கையை ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே வைத்திருக்கிறேன். இருந்திருந்தால் அவரே, "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

தங்கச்சியின் இடுப்பு வலிக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். பெரிய குழந்தைக்குப் பரீட்சையில் நல்லபடி வரட்டும், சின்னதுக்கு விழுந்த பல் சீக்கிரம் முளைக்கட்டும், அப்பா கையில் மாட்டாமல் முளைக்கட்டும். நீங்கள் எல்லாரும் நூறு வயது வரை சொந்தப் பல்லோடு இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை எண்ண வர வேண்டாம். இருபத்திரண்டு, என் பேச்சை நம்புங்கள்.

இப்படிக்கு,
ஒன்றும் குறையாமல் காத்து வரும்
உங்கள் அண்ணி

பி.கு.: தம்பி, மேலே எழுதியதில் முக்கியமானது அத்தனையும் தப்பு. ஒட்டிய உறையைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன், கிழிசலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உறையை ஒட்டியதும், எதற்கும் ஒரு தடவை எண்ணிவிடுவோம் என்று எழுந்து போனேன். இன்றைக்கு அலசிய பஞ்சை மறதியாக நாற்காலி மேல் வைத்துவிட்டேன், இருக்கை முழுக்க ஈரம். சரி என்று சமையலறை முக்காலியை இழுத்து வந்து, தொட்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து எண்ணினேன். பதினொன்று. கீழே தேடினேன், ஃபில்டருக்குப் பின்னால் தேடினேன், பஞ்சைக்கூடப் பிழிந்து பார்த்தேன். தையல்காரம்மா கழுத்தில் டேப்போடு ஓடி வந்து, "நீங்க எப்பவும் எங்க உக்காந்து எண்ணுவீங்க?" என்று கேட்டு, ஈரத்தையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து அவளே எண்ணினாள். இருபத்திரண்டு. முக்காலியில் உட்கார்ந்தாள். பதினொன்று. நாற்காலி, இருபத்திரண்டு. முக்காலி, பதினொன்று. கடைசியில், "அக்கா, துணிக்கடையில ரெண்டு பக்கமும் கண்ணாடி வச்சிருந்தா ஒரே ஆளு ரெண்டா தெரியும்ல, அந்த மாதிரி. நாற்காலி தொட்டியோட மூலைக்கு நேரா இருக்கு. முன்கண்ணாடி வழியா ஒரு தடவ, பக்கக் கண்ணாடி வழியா ஒரு தடவ, ஒரே மீனத்தான் ரெண்டு தடவ எண்ணியிருக்கீங்க" என்றாள். நான் மட்டுமா எண்ணினேன்?

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பதினொண்ணுதாம்மா. அன்னிக்கே எனக்குத் தெரியும். அவ்வளவு பெருமையா வந்து நின்னாரு, எப்படிம்மா சொல்றது?" என்றார்.

முப்பத்தொரு வருஷம் ஒரு பெட்டி பிசகாமல் எண்ணிய மனிதர், மூன்று வருஷம் தினமும் தப்பாக எண்ணியிருக்கிறார் தம்பி! அதைக் கண்டுபிடித்தது நான்! அவர் போன பிறகு இன்றைக்குத்தான் சிரித்தேன், தையல்காரம்மா பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள். இதை அவரிடம் சொல்ல வேண்டுமே என்று வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். திரும்பிய பிறகுதான் நினைவு வந்தது. அதனால்தான் உறையைக் கிழித்து உங்களிடம் சொல்கிறேன். காணாமல் போன ஜோடியும் ஜோடி இல்லை. ஒன்றேதான், தனியாகத்தான் ஃபில்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறது. அப்புறம் அதுவாகவே வெளியே வந்து கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

நம் பேச்சுப்படி பார்த்தாலும் ஒன்றும் குறையவில்லை. அவர் விட்டுப் போனதும் பதினொன்றுதான், இப்போது இருப்பதும் பதினொன்றுதான். வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள். வாசலில் நின்று எண்ணாதீர்கள். நேராக வந்து உங்கள் அண்ணன் நாற்காலியில் உட்காருங்கள், ஈரம் அதற்குள் காய்ந்துவிடும். நான் நாற்காலியை நகர்த்தவில்லை. இன்றைய நோட்டையும் எழுதிவிட்டேன்.

22. சரி.